இருபத்து மூன்று கோடுகள்

புல்லுக்குச் சாம்பல் ஆகாது. எனக்கு இது தெரிந்த அன்றைக்கே ஊரைக் கூட்டிச் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. கையில் பாத்திரமும் அழுது வீங்கிய கண்ணுமாக நிற்கிறவர்களிடம் புல்லைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு மூடிய வாயைத் திறக்கப் பதினெட்டு வருடம் ஆனது.

நான் கால்பந்து மைதானத்தில் புல் பார்க்கிற ஆள். வெட்டுவது, தண்ணீர் விடுவது, ரோலர் இழுப்பது, ஆட்டத்துக்கு முன்னால் வெள்ளைக் கோடு போடுவது எல்லாம் நான்தான். ஆபீஸ் காகிதத்தில் என் வேலைக்கு ஏதோ நீளமான பெயர் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் நான் 'புல்லு'. இருபத்தாறு வருடமாக இதே மைதானம். 'உங்களுக்கு முதல் பொண்டாட்டி அந்தப் புல்தரைதான், நான் ரெண்டாவது' என்பாள் என் மனைவி. மறுத்துப் பேச என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் சாகும்போது ஒன்று கேட்டார். தன்னை எரித்த சாம்பலை வடக்கு கோலுக்கு முன்னால் தூவ வேண்டும் என்றார். புல்லைப் பற்றி எல்லாம் தெரிந்த மனுஷன், தன் சாம்பலைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. நானே என் கையால் தூவினேன். பத்தே நாளில் அந்த இடம் மஞ்சளாகி, பிறகு வழுக்கையாகிவிட்டது. சாம்பலில் அவ்வளவு உப்பு. எங்கள் கோல்கீப்பர் அந்த வழுக்கையில் வழுக்கி ஒரு கோல் விட்டான். கிளப் செயலாளர் என்னை நடு மைதானத்தில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். அங்கே மறுபடி புல் பிடிக்க இரண்டு வருடம் ஆனது.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. வழுக்கை பற்றி இல்லை, சாம்பல் பற்றி. எங்கள் கிளப்பைத் தொடங்கியவர்கள் ரயில் பணிமனைத் தொழிலாளர்கள். அவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், மருமகன்கள் எல்லோரும் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவது வடக்கு கோலுக்குப் பின்னால் இருக்கிற மர பெஞ்சுகளில்தான். அங்கேதான் டிக்கெட் மலிவு. 'செத்தாலும் எனக்கு அங்கதான் இடம்' என்று ஆளாளுக்குச் சொல்லிவைக்க ஆரம்பித்தார்கள். அடுத்த குடும்பம் பாத்திரத்தோடு வந்தபோது நான் வாங்கிக்கொண்டேன்.

"நீங்க போங்க. தண்ணி விடும்போது நானே பார்த்துத் தூவி விட்டுடுறேன். நீங்க நின்னா ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க" என்றேன்.

அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கோலுக்குப் போகவில்லை, என் ஷெட்டுக்குப் போனேன். மெஷினும் ரோலரும் தண்ணீர்க் குழாயும் வைக்கிற ஷெட் அது. தரை மண் தரை. சந்துப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு முழம் தோண்டி, சாம்பலை வைத்து மூடினேன். அடையாளத்துக்கு, மைதானத்துக்குக் கோடு போடுகிற பெயின்டிலேயே சுவரில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். வெளியே வரும்போதுதான் பூட்ஸோடு நிற்கிறோம் என்று உறைத்தது. அன்றிலிருந்து அந்த ஷெட்டுக்குள் செருப்புக்கால் வைத்ததில்லை, யாரையும் வைக்க விட்டதுமில்லை. 'புல் வெட்டுற மெஷினுக்கு இவ்வளவு மரியாதையாண்ணே? இது ஷெட்டா, கோயிலா?' என்று கத்திரி வாய்க்கு வாய் கிண்டல் செய்வான்.

கத்திரி என்பது பட்டப்பெயர். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறான், ரசிகர் சங்கத்துக்குத் தலைவன். அவனுடைய அப்பா பணிமனையில் வெல்டர். சுவரில் நாலாவது கோடு அவர்தான்.

பத்தொன்பதாவது கோடு ஹாரன் அண்ணன். பஸ் டிரைவர். அவர் போடுகிற சத்தத்தில் எதிர் அணிக்காரன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். நாலு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அவர் தினமும் வேலைக்குக் கொண்டுபோன டிபன் டப்பாவிலேயே சாம்பலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது அவர் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். எல்லோருக்கும் தையல் அக்கா.

அவர் இருந்தவரை அக்கா மைதானத்துப் பக்கமே வந்ததில்லை. எந்தப் பக்கம் நம்முடைய கோல், எந்தப் பக்கம் அவர்களுடையது என்று இன்றைக்கும் அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அவர் போன பிறகு ஒரு ஆட்டம் தவறவில்லை. மூன்றாவது வரிசை, கோலுக்கு நேர் பின்னால். பந்து தெற்கே போனால் அத்தனை தலையும் தெற்கே திரும்பும், அக்காவின் தலை மட்டும் திரும்பாது. கோலுக்கு முன்னால் இருக்கிற தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் கிளப்பை ஒரு முதலாளிக்கு விற்றுவிட்டார்கள். எங்களுக்குப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும். முதலாளி ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தார், இடைவேளைக்கு முன்பே போய்விட்டார். இந்த வருடம் வடக்கு கோலுக்குப் பின்னால் இருந்த பெஞ்சுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். டிக்கெட் விலையை மூன்று மடங்கு ஆக்கினார்கள். ஒரு ஆட்டம் பார்க்கத் தையல் அக்கா நாலு நாள் மெஷின் மிதிக்க வேண்டும். மிதித்துப் பார்த்தார். மூன்றாவது ஆட்டத்துக்கு வரவில்லை.

கத்திரி கடையில்தான் போராட்டம் ஆரம்பித்தது. முடி வெட்டிக்கொள்ளப் போனவனெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்தான். கிளப்பை ரசிகர்களிடம் திருப்பிக் கொடு, டிக்கெட்டைப் பழைய விலைக்குக் கொண்டுவா. இந்த இரண்டுதான் கோரிக்கை. ஆனால் ஊர் வாயில் நின்றது வேறொரு வாசகம். சீருடைத் துணியில் மிச்சமானதையெல்லாம் ஒட்டுப்போட்டு, தையல் அக்கா தன் கையால் தைத்த பேனர் அது. 'எங்கள் ஆட்கள் வடக்கு கோலில் இருக்கிறார்கள். எங்களை வெளியே நிறுத்த நீ யார்?'

அந்தப் பேனரோடு அக்கா தினமும் வாசலில் உட்கார்ந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். காலையில் வேலைக்கு வரும்போதெல்லாம் நான் அந்த எழுத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். 'வா தம்பி' என்பார் அக்கா. நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவேன். போராட்டத்துக்கே அஸ்திவாரம் அந்த ஒரு வரி. அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

ஒரு வியாழக்கிழமை, முதலாளி வைத்த மேனேஜர் ஷெட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பளபளவென்று ஷூ. ஒரு கால் உள்ளே வைத்துவிட்டார்.

"ஷூவைக் கழட்டுங்க சார்" என்று கத்திவிட்டேன்.

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காலை எடுத்துக்கொண்டு வெளியே நின்றே பேசினார். முதலாளி ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். தையல் அக்காவுக்கு ஆயுசு முழுக்க இலவச இடம், அதே மூன்றாவது வரிசையில். வடக்கு கோலுக்குப் பின்னால் ஹாரன் அண்ணன் பெயர் போட்டு ஒரு பித்தளைத் தகடு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் முதலாளியோடு ஒரு போட்டோ. மற்றவர்களுக்கு அதே விலைதான்.

"அந்தம்மா சரின்னுட்டா கூட்டம் தானா கலைஞ்சிடும். கட்டாயம் சரின்னுதான் சொல்லுவாங்க. அவங்களுக்குப் புருஷன்தானே வேணும், புட்பாலா வேணும்?" என்றார். ஆள் மட்டமானவர், ஆனால் கணிப்பு சரி. போகிற போக்கில் ஒன்று சொன்னார். "அப்புறம் இந்த ஷெட்டு. அடுத்த மாசம் இடிச்சுத் தோண்டுறோம். காருங்க வர்றதுக்கு இங்கதான் வாசல். உன் சாமானையெல்லாம் தெற்குப் பக்கம் மாத்திக்கோ."

அவர் போன பிறகு சுவரில் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரே சேர்ந்து ஒரு வெற்றுத் தரைக்குக் காவல் நிற்கிறது. ஆட்கள் இருக்கிற இடத்தைத் தோண்டப்போகிறார்கள். தோண்டும்போது அது வெறும் மண்ணாகத்தான் தெரியும். லாரியில் அள்ளிக் கொண்டுபோய் எங்காவது பள்ளத்தில் கொட்டுவார்கள். யாருக்கும் தெரியாது. என் பொய்யும் அதோடு போய்விடும், நான் நிம்மதியாக இருக்கலாம். இந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. வந்தது. வந்ததற்கு என்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தையல் அக்கா வந்தார். நான் வடக்கு கோலுக்கு முன்னால் மண்டியிட்டுப் புல் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார். அக்கா கோட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே மிதிக்கவில்லை.

"மேனேஜர் வீட்டுக்கு வந்தாரு தம்பி."

"தெரியும்க்கா."

"எனக்கு இந்த ஆட்டம் கீட்டமெல்லாம் புரியாது. அவரு இருக்கற இடத்துக்குப் பக்கத்துல உக்காரணும், அவ்வளவுதான். ஆனா நான் மட்டும் உள்ள போனா, எனக்காக வெயில்ல நின்னவங்க எல்லாம் வெளியவே நிப்பாங்க. வேணாம்னா, இனிமே நான் அவரைப் பார்க்கவே முடியாது. நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. அவரை இங்க வெச்சவன் நீ. நீ சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்று ஆயிரம் தடவை யோசித்து வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட அப்போது வரவில்லை.

"அக்கா, அவரு இங்க இல்ல."

"என்ன?"

"சாம்பல் போட்டா புல்லு கருகிடும். முதல்ல ஒருத்தரைப் போட்டதோட சரி, அப்புறம் நான் யாரையுமே இங்க போடல. உங்ககிட்ட வாங்குனதையும் போடல. ஷெட்டுல, சுவரோரமாப் புதைச்சு வெச்சிருக்கேன்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு கோலைப் பார்த்தார், மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"நாலு வருஷமா நான் யாரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்?"

"புல்லை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "காட்டு" என்று மட்டும் சொன்னார்.

ஷெட் வாசலில் நான் எதுவும் சொல்லவில்லை. அக்கா தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுருட்டி வைத்த குழாய்க்கும் ரோலருக்கும் நடுவில் பத்தொன்பதாவது கோட்டைக் காட்டினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மண்ணின்மேல் உள்ளங்கையை வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை. நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"இந்தச் சுவருக்கு அந்தாண்ட என்ன?"

"சந்து. டிக்கெட்டுக்கு வரிசை நிக்கறது."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்க விரும்பவில்லை.

"வாரா வாரம் இந்தச் சுவர்லதான் சாய்ஞ்சுக்கிட்டு நிப்பேன். கால் வலிக்குதுன்னு. அவரு இந்தாண்ட, நான் அந்தாண்ட. நடுவுல ஒரு சுவரு. அப்புறம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கிட்டு, அவரை விட்டுட்டு அவ்வளவு தூரம் போய் உக்காந்திருக்கேன்."

"அக்கா, என்னை மன்னி..."

"கேக்காதே. இப்ப எங்கிட்ட அது இல்ல." சுவரில் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "இது அத்தனையும் நம்ம ஆளுங்களா?"

"இருபத்து மூணு பேரு. அடுத்த மாசம் ஷெட்டை இடிக்கிறாங்கக்கா. தோண்டி எடுத்துடுவாங்க."

அக்கா எழுந்துகொண்டார். சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டவில்லை.

"மத்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். நீதான் சொல்லணும்."

"வேலை போயிடும்க்கா. அதுகூடப் பரவாயில்ல. கத்திரி என்னை வெட்டிப் போட்டுடுவான்."

"வெட்டட்டும். அவன் தொழிலே அதுதானே" என்றார் அக்கா.

சனிக்கிழமை கத்திரி எனக்கு போன் செய்தான். குரலில் அவ்வளவு குஷி.

"அண்ணே, அக்கா சீட்டு வேணாம்னுட்டாங்க! மேனேஜர் மூஞ்சியைப் பார்த்திருக்கணும். எனக்கு மட்டும் எதுக்கு, கொடுத்தா எல்லாருக்கும் கொடுன்னு நேருக்கு நேரா சொல்லிட்டாங்க. நாளைக்கு ஒருத்தரும் உள்ள போறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா ஒண்ணுண்ணே. கோரிக்கையில முதல் வரியா, ஷெட்டை இடிக்கக் கூடாதுன்னு எழுதச் சொல்றாங்க. உங்க ஷெட்டை! ஏன்க்கான்னா, நாளைக்குத் தெரியும்கறாங்க. நீங்க ஏதாவது அழுது வெச்சீங்களா?"

"நாளைக்கு வா, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவன் சந்தோஷமாக இருக்கட்டும், இன்னும் ஒரு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கோடு போட்டு முடித்தேன். இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு நேராக நான் போட்டதில்லை. ஷெட்டிலிருந்து சந்துக்குத் திறக்கிற இரும்புக் கதவு ஒன்று உண்டு, பல வருடமாகத் திறக்காதது. அதன் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். 'சொல்லிட்டு நேரா வீட்டுக்கு வாங்க' என்றாள்.

நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. வடக்குப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலிக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். முதலாளி எதிர்ப்பக்கம் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தை உதைக்கிற சத்தம், ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. கேட்கவே சகிக்கவில்லை. நான் ஷெட்டுக்குள் போய், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

இரும்புக் கதவில் தட்டினார்கள்.

"தம்பி, திற."

திறந்தேன். சந்து முழுக்க ஆட்கள். டிக்கெட் வாங்க நிற்கிற மாதிரியே சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். பழக்கம் விடவில்லை. எல்லாருக்கும் முன்னால் தையல் அக்கா, வெறுங்காலோடு. பக்கத்தில் கத்திரி.

"என்னண்ணே, என்னமோ காட்டுவீங்கன்னு அக்கா..." பேசிக்கொண்டே செருப்போடு உள்ளே வந்துவிட்டான். மற்ற நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை.

"உங்கப்பா வடக்கு கோல்ல இல்லடா" என்றேன். "உங்க ஆளுங்க யாருமே அங்க இல்ல. புல்லு செத்துடும்னு பயந்து, நீங்க கொடுத்த அத்தனை பேரையும் இங்க கொண்டுவந்து புதைச்சுட்டேன். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். வரிசையில் யாரோ 'ஏய்' என்றார்கள். அக்கா குறுக்கே வரவில்லை.

"பதினஞ்சு வருஷம். வாரா வாரம் அந்த கோலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் நான் உக்காருவேன். நீ பார்த்திருக்கியா, இல்லையா?"

"பார்த்திருக்கேன்."

"பார்த்துட்டும் சொல்லல."

"சொல்லல."

கை ஓங்கினான். நான் முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"எங்கப்பா எங்கடா?"

சுவரில் நாலாவது கோட்டைக் காட்டினேன். அவன் நின்ற இடத்துக்கு நேர் மேலே இருந்தது. கத்திரி கோட்டைப் பார்த்தான். கோட்டிலிருந்து அப்படியே கீழே மண்ணைப் பார்த்தான். அங்கே தன் செருப்புக்காலைப் பார்த்தான்.

காலரை விட்டான். என் முகத்தைப் பார்க்காமல், பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வெளியே போனான். அங்கே குனிந்து செருப்பைக் கழற்றினான். என்ன ஏது என்று காதில் விழாமல் பின்னால் நின்றவர்களும், அவனைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள்.